கையெழுத்துப் போடுமுன்

"எனக்கு இங்கிலீஷ் வராது" என்று சொல்லும் சகோதரிகளோடு எனக்கு ஓயாத சண்டை. காலையில் எழுந்தது முதல் அவர்கள் பேசுவதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். காஸ் தீர்ந்துவிட்டது, சிலிண்டர் புக் பண்ண வேண்டும், குக்கரில் விசில் வரவில்லை, பையனுக்கு டிபன் பாக்ஸ், ஸ்கூல் பஸ், யூனிபாரம், பீஸ், சாயங்காலம் டியூஷன், மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை! மத்தியானம் ஆவதற்குள் நூறு இங்கிலீஷ் சொற்களாவது வாயிலிருந்து உதிர்ந்திருக்கும். ஒன்றுக்காவது அகராதியைப் புரட்டியிருப்பார்களா? கிடையாது. அப்படியிருக்க, பள்ளிக்கூடத்திலிருந்தோ பாங்கியிலிருந்தோ நாலு வரியில் ஒரு காகிதம் வந்தால் மட்டும் ஏன் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது?

காரணம் இதுதான். நம் பேச்சுக்குள் குடியேறிய இங்கிலீஷ் சொற்களில் பெரும்பாலானவை பெயர்ச் சொற்கள். வினைச் சொல் வந்தாலும் அதன் வாலில் ஒரு 'பண்ணு' சேர்த்து, நம் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டு விட்டோம். ஆனால் சொல்லையும் சொல்லையும் சேர்த்துக் கட்டுகிற பொடிச் சொற்கள் இருக்கின்றனவே, இஃப், அன்லெஸ், அன்டில், பை, தோ, ஷல், மே என்று, அவை மட்டும் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. அவற்றுக்கு நம்மிடம் வேலையும் இல்லை. 'பஸ்ஸுக்கு', 'டிக்கெட்டை', 'ஆபீஸிலிருந்து' என்று நம்முடைய உருபுகளே அந்தக் காரியத்தைக் கவனித்துக்கொள்கின்றன. செங்கல் முழுவதும் வண்டி வண்டியாக வந்து இறங்கியாகிவிட்டது, காரைதான் வரவில்லை.

இந்த வாரம் அந்தக் காரையைப் பற்றிப் பேசலாம். பரீட்சைக்காக அல்ல. நம்மில் பலர் வருஷத்துக்கு நாலைந்து முறையாவது இங்கிலீஷ் காகிதம் ஒன்றின் அடியில் கையெழுத்துப் போடுகிறோம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாங்கி, இன்ஷூரன்ஸ் என்று எங்கே போனாலும், "இங்கே ஒன்று, இங்கே ஒன்று, அடுத்த பக்கத்தில் ஒன்று" என்று பென்ஸிலால் பெருக்கல் குறி போட்டு நீட்டுகிறார்கள். நாமும் பெருக்கல் குறியைத்தான் பார்க்கிறோம்.

தம்பி வியாபாரத்துக்குக் கடன் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சும்மா ஒரு கையெழுத்துதான், அக்கா" என்கிறான். அந்தக் காகிதத்தில் அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் 'காரண்டார்' என்று இருக்கும். அப்படியென்றால் ஜாமீன்தார். சற்றுக் கீழே, 'ஜாயின்ட்லி அண்ட் ஸெவரலி' என்று மூன்று சொற்கள் வரும். 'ஸெவரல்' என்றால் 'பல' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? அந்த ஞாபகத்தில் "பல பேர் சேர்ந்து பொறுப்பு" என்று அர்த்தம் பண்ணிக்கொண்டால் ஆபத்து. இங்கே 'ஸெவரலி' என்பதற்குத் 'தனித்தனியாக' என்று பொருள். கூட்டாகவும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. அதாவது, இரண்டு பேர் கையெழுத்திட்டால் ஆளுக்குப் பாதி என்பது அல்ல. கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் இருவரில் எவரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவும் இதையேதான் சொல்லுகிறது. கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாருக்கும் அவ்வளவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய. அந்த 'ஒழிய'வை மறந்துவிடாதீர்கள். அதற்குத் திரும்பி வருகிறேன்.

அதே காகிதத்தில் 'ஷல்' என்ற சொல்லையும் 'மே' என்ற சொல்லையும் பென்ஸிலால் வட்டமிட்டுக்கொண்டே போங்கள். நல்ல பயிற்சி இது. கதைப் புத்தகத்தில் 'மே' வந்தால் 'ஒருவேளை' என்று பொருள் கொள்ளலாம். ஒப்பந்தத்தில் வந்தால் 'செய்யலாம், அதிகாரம் உண்டு' என்று பொருள். 'ஷல்' வந்தால் 'செய்தே தீரவேண்டும்'. வட்டம் போட்டு முடித்ததும் எந்தச் சொல் யார் பக்கம் விழுந்திருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். 'மே' எல்லாம் அவர்கள் பக்கமும் 'ஷல்' எல்லாம் உங்கள் பக்கமும் இருந்தால், வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாகப் படித்துவிட்டு நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லுவதில் தப்பே இல்லை. பாங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் கடன் சம்பந்தமான தகவல்களைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் பாஷையிலேயே தரவேண்டும் என்று ரிஸர்வ் பாங்கு விதித்திருக்கிறது. "தமிழில் கொடுங்கள்" என்று கேட்பதற்கு நாம்தான் கூச்சப்படுகிறோம்.

'ஒழிய' என்றேனே, அதற்கு வருவோம். 'அன்லெஸ்' என்ற சொல்லைக் கண்டு மிரளாத இங்கிலீஷ் மாணவர் இல்லை. 'இஃப் நாட்' என்று மாற்றிக்கொள் என்று வாத்தியார்கள் சொல்லிக் கொடுப்பார்கள். ஏற்கனவே வாக்கியத்தில் ஒரு 'நாட்' இருக்கும். இதுவும் சேர்ந்தால் இரண்டு. தலை சுற்றும். அந்த வழியே வேண்டாம். "பெற்றோர் கையொப்பமிட்டாலொழிய மனு ஏற்கப்பட மாட்டாது" என்று தமிழில் சொல்லுகிறோமே, அந்த 'ஆலொழிய'தான் 'அன்லெஸ்'. அச்சாகப் பொருந்துகிறது. நம்மிடம் வாலில் தொங்குவதை அவர்கள் தலையில் வைத்துக் கட்டுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 'வீட்டிலிருந்து' என்பதில் 'இருந்து' பின்னால் வருகிறது. இங்கிலீஷில் அந்த 'ஃப்ரம்' முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளுகிறது. பொடிச் சொற்களில் பெரும்பாலானவற்றை இப்படி நம் வால்களோடு முடிச்சுப் போட்டுவிடலாம். 'ஆல்' என்றால் 'இஃப்'. 'ஆலும்' என்றால் 'ஈவன் இஃப்'. 'போதிலும்' என்றால் 'தோ'. 'வரை' என்றால் 'டில்' அல்லது 'அன்டில்'.

தேதிகளில் ஏமாறுவது ரொம்ப சகஜம். "பீஸை 10-ந் தேதிக்குள் கட்டவும்" என்பதில் வருகிற 'உள்'தான் 'பை'. "10-ந் தேதி வரை விடுமுறை" என்பதில் வருகிற 'வரை'தான் 'டில்'. 'பை' என்று போட்ட இடத்தில் காரியம் அந்தத் தேதிக்குள் ஒரு தரம் நடந்து முடிந்தால் போதும். 'டில்' என்று போட்ட இடத்தில் அதுவரை தொடர்ந்து நடக்கிறது. (10-ந் தேதியும் விடுமுறைதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுவதே நல்லது. இங்கிலீஷ்காரர்களுக்கே அதில் தகராறு உண்டு.) சமையலறை அலமாரியைத் திறந்தால் இதே 'பை' அங்கேயும் இருக்கிறது. பொட்டலத்தின் மேல் 'யூஸ் பை' என்றிருந்தால், அந்தத் தேதி கடந்தபின் உபயோகிக்கவே கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்றிருந்தால், அந்தத் தேதி வரையில் பண்டம் அதன் முழு ருசியோடும் தரத்தோடும் இருக்கும் என்று மட்டும் பொருள். மறுநாளே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு சொல்லைச் சரியாகப் படித்தால் ஒரு பிஸ்கட் பொட்டலம் மிஞ்சும். இன்னொரு சொல்லைத் தவறாகப் படித்தால் வயிற்றுக்குக் கேடு.

டாக்டர் அறையில் இன்னொரு ஜோடி காத்திருக்கிறது. "குழந்தைக்கு மூன்று நாளாக ஜுரம்" என்று சொல்லவேண்டும். நம்மில் அநேகர் 'ஸின்ஸ் த்ரீ டேஸ்' என்கிறோம். 'மூன்று நாளாக' என்பதில் உள்ள 'ஆக', 'ஃபார்' என்ற சொல்லுக்குச் சமம். 'திங்கட்கிழமையிலிருந்து' என்பதில் உள்ள 'இருந்து'தான் 'ஸின்ஸ்'. காலத்தின் நீளத்தைச் சொன்னால் 'ஃபார்'; ஆரம்பித்த நாளைச் சொன்னால் 'ஸின்ஸ்'. வினைச் சொல்லும் 'இஸ் ஹாவிங்' அல்ல, 'ஹாஸ் ஹாட்'. நேற்றுத் தொடங்கி இன்னும் விடாத காரியத்துக்கு இங்கிலீஷில் அதுதான் மரபு. டாக்டருக்குத் தமிழ் தெரிந்தால் தமிழிலேயே சொல்லுங்கள். குழந்தைக்கு ஜுரம் அடிக்கும்போது இலக்கணப் பரீட்சை வேண்டாம்!

'எ', 'தி' இரண்டும் எங்கே வரும் என்ற சந்தேகம் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. தமிழில் அதற்கு நேரான சொல் இல்லை என்று இலக்கணப் புத்தகங்கள் கைவிரித்துவிடுகின்றன. அது முக்கால் உண்மைதான். "புத்தகம் வாங்கினேன்" என்கிறோம். "புத்தகத்தை வாங்கினேன்" என்றும் சொல்லுகிறோம். இரண்டும் ஒன்றா? முதலாவது, ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதைக் கேட்டதும் "ஓ, அன்றைக்குச் சொன்னாயே, அந்தப் புத்தகமா?" என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த இரண்டாம் வேற்றுமை உருபு செய்கிற வேலையைத்தான் இங்கிலீஷில் 'தி' செய்கிறது. உருபு இல்லாத புத்தகத்துக்கு 'எ புக்'. உருபு ஏறிய புத்தகத்துக்கு 'தி புக்'. ஜடப் பொருள்களுக்கு மட்டும் இந்தச் சூத்திரம். மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். நாம் யாரைப் பார்த்தாலும் 'ஐ' போட்டுத்தானே பார்க்கிறோம்!

தினப்படி வழக்கத்தைச் சொல்லும்போதும் தமிழ் நம் காலை வாரிவிடும். "என் பெண் தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பாள்" என்கிறோம். பார்வைக்கு எதிர்காலம், பொருளோ வழக்கம். அதை அப்படியே இங்கிலீஷாக்கி 'ஷி வில் கெட் அப்' என்றால், கேட்கிறவர், "இனிமேல்தான் எழுந்திருக்கப் போகிறாள் போலிருக்கிறது" என்று எண்ணிக்கொள்ளக் கூடும். 'ஷி கெட்ஸ் அப்' என்று சாதாரண நிகழ்காலத்தில் சொல்லவேண்டும். அதன் கடைசியில் ஒரு 'ஸ்' இருக்கிறது, கவனியுங்கள். நம் வினைச் சொல்லுக்கு எத்தனை வால்! வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன. அவ்வளவையும் பிழையில்லாமல் சொல்லிவிட்டு, இங்கிலீஷில் மிச்சமிருக்கிற அந்த ஒற்றை 'ஸ்'ஸை மட்டும் விழுங்கிவிடுகிறோம்.

சொற்களை எத்தனை கற்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு மைக்கேல் வெஸ்ட் என்பவரைப் பற்றிச் சொல்லவேண்டும். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். வங்காளப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுப்பதைவிட முதலில் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே பயன் என்று வாதித்தார். பாதியில் படிப்பை நிறுத்தினாலும் படிக்கிற திறமையாவது கையில் தங்கும் என்பது அவர் கட்சி. 1935-இல் அவர் சேர்ந்து தொகுத்து வெளிவந்த அகராதியில் சுமார் 24,000 பதிவுகளுக்கு 1,490 சொற்களை மட்டும் கொண்டே பொருள் எழுதியிருந்தார்கள். 1953-இல் அவர் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்கள். ஆக, கடல் போல் தோன்றுவதில் நாம் முதலில் நீந்தவேண்டிய குளம் அவ்வளவுதான். நம் நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்துப் பிறந்த யோசனை என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் கூடுதலான பிரியம்.

அகராதி என்றதும், இங்கிலீஷ்காரர்கள் தங்களுக்கென்று எழுதிக்கொண்டதை வாங்கிவிடாதீர்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போனால் அதைவிடக் கடினமான மூன்று சொற்களைக் கொடுத்துத் திருப்பி அனுப்பும். கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்டவை இருக்கின்றன. ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஹார்ன்பி என்பவர், தம்முடன் இருந்த இருவரோடு சேர்ந்து அப்படி ஒன்றைத் தயாரித்தார். யுத்தத்தின் நடுவே 1942-இல் டோக்கியோவில் வெளியாயிற்று. 1948-இல் ஆக்ஸ்போர்டு பிரசுரமாக வந்து, பிறகு பல பதிப்புகள் கண்டுவிட்டது. அதன் அருமை, சொல்லை அதன் அண்டை வீட்டாரோடு சேர்த்துக் காட்டுவதுதான். 'மெடிஸின்' என்று தனியாக நோட்டில் எழுதிக்கொண்டால், 'மருந்து சாப்பிடு' என்பதை 'ஈட் மெடிஸின்' என்றுதான் சொல்லுவோம். 'டேக் மெடிஸின்' என்று ஜோடியாக எழுதி வையுங்கள். 'ஹெவி ரெயின்', 'மேக் காபி', 'பே எ பில்' என்று எப்போதும் ஜோடி ஜோடியாகவே. ஒண்டிக்கட்டையாக ஒரு சொல்லையும் நோட்டுக்குள் விடாதீர்கள்.

படிப்புப் பயிற்சிக்கு நானூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு வழி உண்டு. இன்று வரை அதைவிட மலிவான வழி எனக்குத் தென்படவில்லை. இங்கிலாந்தின் முதலாம் எலிஸபெத் ராணி சிறுமியாக இருந்தபோது அவளுக்கு லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்தவர் ரோஜர் ஆஸ்கம். 1570-இல், அவர் காலமானபின் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இந்த வழியை விவரிக்கிறார். வேற்று பாஷையில் உள்ள ஒரு பகுதியைத் தாய்மொழியில் எழுதிக்கொள்ளவேண்டும். மூலத்தை மூடி வைத்துவிடவேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, எழுதியதைத் திரும்ப அந்த வேற்று பாஷையில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான். ராணிக்கு ஸிஸரோ, நமக்குப் பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கை போதும். இரவு அதைத் தமிழில் இரண்டு வரியாக எழுதுங்கள். காலையில் பால் காயும் நேரத்தில் அந்த இரண்டு வரியை இங்கிலீஷாக்குங்கள். ஒப்பிட்டுப் பார்த்தால், விட்டுப்போனவை அநேகமாக அந்தப் பொடிச் சொற்களாகத்தான் இருக்கும்.

முதல் தடவை படிக்கும்போது அகராதியைத் தொடவேண்டாம். யார், என்ன செய்யவேண்டும், எப்போது என்ற மூன்றை மட்டும் தேடுங்கள். தமிழில் "நாய் மனிதனைக் கடித்தது" என்றாலும், "மனிதனை நாய் கடித்தது" என்றாலும் கடிபட்டவன் மனிதன்தான், உருபு காப்பாற்றிவிடுகிறது. இங்கிலீஷில் இடம் மாறினால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான். ஆகையால் வினைக்கு முன்னால் நிற்பது யார், பின்னால் நிற்பது யார் என்று முதலில் பார்க்கவேண்டும். இரண்டாம் தடவை பொடிச் சொற்கள். மூன்றாம் தடவையும் விளங்காத சொல்லுக்குத்தான் அகராதி. பெரிய சொற்கள் பல, மூன்றாம் தடவைக்குள் தாமாகவே தங்கள் பொருளைச் சொல்லிவிடும்.

காகிதங்களையே படித்துக்கொண்டிருந்தால் அலுப்புத் தட்டும் அல்லவா? ராஜாஜியின் ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் தமிழில் படித்திருப்பீர்கள். இரண்டும் இங்கிலீஷில் பாரதீய வித்யா பவன் வெளியீடாக வந்திருக்கின்றன. சின்னச் சின்ன வாக்கியங்கள். கைகேயி அடுத்து என்ன கேட்கப் போகிறாள் என்பது நமக்கு முன்பே தெரியுமாதலால், தெரியாத சொல்லையும் கதையே கையைப் பிடித்துத் தாண்டி விட்டுவிடும். பிறகு ஆர். கே. நாராயணின் 'ஸ்வாமி அண்ட் பிரெண்ட்ஸ்'. 1935-இல் வந்த நாவல். அதில் வரும் பாட்டியும் பள்ளிக்கூடமும் நம் தெருவிலேயே இருப்பவை போலத் தோன்றும். சீமையிலே பனி பெய்கிற கதைகளைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

"கைப்பேசியில் படம் பிடித்தால் அதுவே தமிழாக்கித் தந்துவிடுகிறதே, இவ்வளவு பாடு எதற்கு?" என்று கேட்கலாம். தாராளமாக உபயோகியுங்கள், நானும் உபயோகிக்கிறேன். ஆனால் அது தந்த தமிழில் 'ஒழிய', 'வரை', 'உள்', 'ஆலும்' ஆகியவை தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்று மூலத்தோடு ஒத்துப் பாருங்கள். அப்படிப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது நல்ல வேலைக்காரன். தெரியாதவர், யாரோ நீட்டிய காகிதத்தில் அதை நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்.

வீட்டில் பிள்ளைகள் "உனக்குப் புரியாதும்மா, கொடு" என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொள்ளுவதாகப் பல தாய்மார்களுக்கு மனக்குறை. பிடுங்கவிடாதீர்கள். "நான் முதலில் படிக்கிறேன். எனக்கு விளங்கியதைச் சொல்லுகிறேன், தப்பிருந்தால் நீ திருத்து" என்று சொல்லிப் பாருங்கள். இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் காகிதத்தைத் தமிழில் எடுத்துச் சொல்ல வருகிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். அநேகமாகத் திணறும். இரண்டு பேருக்கும் பாடம்.

இந்த வாரப் பயிற்சி, மழையை வைத்து ஆறு வாக்கியங்கள். இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள்.

மழை பெய்தால் துணி நனையும்.
மழை பெய்தாலும் கடைக்குப் போவேன்.
மழை பெய்தபோதிலும் கடைக்குப் போனேன்.
மழை பெய்தாலொழியக் கிணற்றில் தண்ணீர் ஊறாது.
மழை நிற்கும் வரை இங்கேயே இருங்கள்.
மழை வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

கடைசி வாக்கியத்தில் ஒரு பொறி வைத்திருக்கிறேன். 'உள்' இருக்கிறதே என்று வெறும் 'பை' போட்டால் அங்கே அது உட்கார மறுக்கும். தேதியோ மணியோ பக்கத்தில் இருந்தால்தான் அதற்குத் திருப்தி. அதற்குப் பதிலாக எந்தச் சொல் வரும் என்று யோசித்து வையுங்கள். விடைகள் அடுத்த இதழில்.